கனமான கல்லைத் தூக்கும்போதும் நகர்த்தும்போதும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

எங்கள் கிரானைட் யார்டில் எடைமேடை இல்லை. ஸ்லாபின் (பலகையாக அறுத்த கல்லின்) எடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

அளவு டேப் போதும். 20 மி.மீ. கனமுள்ள கிரானைட் சதுர அடிக்கு 5 கிலோ. 18 மி.மீ. என்றால் நாலரை, 30 மி.மீ. என்றால் ஏழரை. அப்படியானால் 10 அடிக்கு 6 அடி ஸ்லாப், 20 மி.மீ. கனத்தில், 300 கிலோ. கட்டியான கல்லுக்குக் கன அடிக்கு 76 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடி உள்ள கல் 2 டன்னைத் தாண்டிவிடும். பிளாக் கிரானைட்டுக்குப் பத்து சதவீதம் கூட்டுங்கள். வந்த எடையைச் சாக்பீஸால் கல்லின் மேலேயே எழுதிவிடுங்கள். கிரேன் ஓட்டுபவர் கேட்கும்போது "ஒரு டன் இருக்கும்ணே" என்று கண்மதிப்பில் சொல்லும் பழக்கம் அத்தோடு ஒழியட்டும்.

ஏ-ஃபிரேமில் (ஸ்லாப்களை இரு பக்கமும் சாய்த்து நிறுத்தும் A வடிவத் தாங்கியில்) இருக்கும் ஸ்லாப் சரிந்தால் இரண்டு பேர் சேர்ந்து பிடித்து நிறுத்தலாமா?

கூடவே கூடாது. கல் உடைந்தால் உடையட்டும், ஆள் விலக வேண்டும். ஆறடி உயரத்தில் நிற்கும் 20 மி.மீ. கல்லுக்கு அடிப்பாகம் வெறும் இரண்டு சென்டிமீட்டர். செங்குத்தைத் தாண்டி ஒரு டிகிரி முன்னால் வந்தாலே அது தானாக விழும். 300 கிலோ ஸ்லாப் 30 டிகிரி சாய்ந்துவிட்டால், அதை அசையாமல் நிறுத்தவே உச்சியில் 75 கிலோ அளவுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தோள் உயரத்தில் தள்ளினால் அது 100 கிலோவை நெருங்கும். வேகம் பிடித்து வரும் கல்லுக்கு இதுவும் போதாது. பின்னாலேயே நாலைந்து ஸ்லாப்கள் சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே சரிய விடாமல் பார்ப்பதுதான் வேலை. ஃபிரேமின் இரு பக்கமும் மாற்றி மாற்றி ஏற்றுங்கள், இறக்கும்போதும் அப்படியே. ஒரே பக்கம் காலி செய்தால் ஃபிரேமே கவிழும். லாரியில் வந்த சரக்கு என்றால், கட்டை அவிழ்க்கும் முன் வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கச் சக்கரம் அரை அடி பள்ளத்தில் இறங்கினால் 5 டிகிரி சாய்வு வந்துவிடும். ஃபிரேமின் சாய்வே 10 டிகிரி அளவில்தான் என்றால், அதில் பாதி போய்விட்டது. எடுக்கப்போகும் ஸ்லாபைத் தவிர மற்றவை கட்டிலேயே இருக்க வேண்டும்.

மழையில் நனைந்த ஸ்லாப்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கல்லைக் கவ்வித் தூக்கும் கிளாம்ப் முதல் கல்லை இழுக்கும்போது அடுத்ததும் கூடவே எழுந்து, செங்குத்தைத் தாண்டியதும் தனியே விடுபட்டு விழும். முதலில் ஓரத்திலிருந்து மர ஆப்பு தட்டிப் பிரியுங்கள். விழும் பக்கத்தில், இரண்டு ஸ்லாப் வரிசைக்கு நடுவில், லாரியின் பக்கப்பலகைக்கும் கல்லுக்கும் இடையில் யாரும் நிற்கக் கூடாது.

2 டன் கல்லைக் கிரேனில் தூக்க, 1 டன் தாங்கும் பெல்ட் இரண்டு போட்டால் சரிதானே?

பெல்ட்டுகள் நேராகத் தொங்கினால் மட்டுமே சரி. ஒரே கொக்கியிலிருந்து விரிந்து இறங்கினால் ஒவ்வொன்றிலும் இழுவை கூடும். தரையோடு 60 டிகிரி கோணத்தில் 1.15 டன், 45-ல் 1.4 டன், 30-ல் முழு 2 டன். 60-க்குக் கீழே இறங்காதபடி நீளமான பெல்ட் எடுங்கள். கல்லைச் சுருக்குப் போட்டுத் தூக்கினால் பெல்ட்டின் திறன் 80 சதவீதமாகக் குறையும். எனவே இந்தக் கல்லுக்கு 2 டன் பெல்ட் இரண்டு வாங்குங்கள். நிறத்தைப் பார்த்தாலே தெரியும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. ஆனாலும் லேபிளைப் படியுங்கள். லேபிள் கிழிந்துபோன பெல்ட்டை ஒதுக்கிவிடுங்கள். அறுத்த கல்லின் விளிம்பு கத்திபோல் பெல்ட்டை வெட்டும், நாலு மூலையிலும் ரப்பரோ தடித்த கோணத் தகடோ வையுங்கள். முடிச்சுப் போட்டுப் பெல்ட்டைக் குட்டையாக்க வேண்டாம்.

இடுப்பில் பெல்ட் கட்டினால் முதுகு தப்புமா?

தப்பும் என்று நம்பி எடையைக் கூட்டாதீர்கள். அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலே ஒருவர் தூக்க உகந்த எடை 23 கிலோ. உடலை விட்டுத் தள்ளிப் பிடித்தாலும், இடுப்பைத் திருப்பினாலும் அது இன்னும் குறையும். 50 கிலோ கல்லுக்கு டிராலி வேண்டும்.

இரும்பு முனை ஷூ போதுமா?

200 ஜூல் தாங்கும் ஷூ, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் 20 கிலோவுக்குத்தான். அவசியம் போடுங்கள். ஸ்லாப் விழுந்தால் அது காக்காது.

சிற்பப் பட்டறையில் 2 டன் கல்லைப் பைப் உருளைகள் மேல் நகர்த்துகிறோம். எதில் கவனம் வேண்டும்?

முதலில் கல்லை எழுப்பும் நேரம். கடப்பாரையால் ஒரு அங்குலம் நெம்பியதும் மரக்கட்டையைக் கொடுங்கள், பிறகு அடுத்த அங்குலம். கடப்பாரை வழுக்கினாலும் கல் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்காது. கட்டையை நீளக் குச்சியால் தள்ளுங்கள், கை கல்லுக்கடியில் போகவே கூடாது.

தரையில் தடித்த பலகை விரித்து, ஒரே விட்டமுள்ள கனமான இரும்புப் பைப்புகள் ஐந்தாறு போடுங்கள். எப்போதும் குறைந்தது மூன்று பைப்புகள் கல்லுக்கடியில் இருக்கட்டும். பின்னால் வெளிவரும் பைப்பை எடுத்து முன்னால் வைப்பவர் பக்கவாட்டிலிருந்து, முனையைப் பிடித்து வைக்க வேண்டும். அந்த நேரம் இழுப்பவர்கள் நிற்க வேண்டும். கட்டளை கொடுப்பவர் ஒருவரே. "நிறுத்து" என்று மட்டும் யாரும் சொல்லலாம்.

சரிவில் இறக்கும்போது கல்லுக்கு முன்னால் ஆள் வேண்டாம். பத்தடிக்கு ஓரடி இறக்கத்தில் 2 டன் கல் ஏறத்தாழ 200 கிலோ விசையோடு கீழே இழுக்கும். உருளை மேல் அதைத் தடுக்க உராய்வு அவ்வளவாக இருக்காது. மேல்பக்கம் உறுதியான தூணிலோ தரையில் பதித்த ஆங்கரிலோ கட்டிய செயின் பிளாக்கால் (சங்கிலிக் கப்பியால்) பிடித்தபடி இறக்குங்கள். ஆப்புக் கட்டையோடு ஒருவர் பக்கவாட்டில் கூடவே வரட்டும்.