வெயிலில் போன் திரை தெரியவில்லையா? மேட் டெம்பர் வாங்குவோருக்கான கேள்வி பதில்

கேள்வி (கல்லடி, ஓட்டோ ஓட்டுநர்): அண்ணன், போனை ஹோல்டரில் வைத்து மேப் பார்த்துத்தான் ஓடுறன். பத்து மணிக்குப் பிறகு திரையில் வானம்தான் தெரியுது. மேட் டெம்பர் ஒட்டினால் சரிவருமா?

பதில்: பாதிதான் சரிவரும் தம்பி. சாதாரணக் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 வீதத்தைத் திருப்பி அனுப்பும். மேட், அதாவது மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய டெம்பர் கண்ணாடி, அதைக் குறைப்பதில்லை, சிதறடிக்கிறது. கடைக்குள் டியூப்லைட், யன்னல் போன்ற ஒரு பக்கத்து வெளிச்சத்துக்கு அது மிக நல்லது. திரையில் கோடாகத் தெரிந்த லைட் கலைந்து போகும். வெட்டவெளியில் வெயில் நேரே விழுந்தால், சிதறிய ஒளி திரை முழுவதும் வெள்ளைப் படலமாகப் பரவும். கறுப்பு சாம்பலாகும், மேப்பின் மெல்லிய கோடுகள் மறையும்.

உங்களுக்கு முதலில் செய்ய வேண்டியது ஹோல்டரின் கோணத்தை மாற்றுவது. திரையை அணைத்துவிட்டு, நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து அதில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். வானத்துக்குப் பதிலாக ஓட்டோக் கூரையின் இருண்ட உட்பக்கம் தெரியும் வரை சரியுங்கள். அடுத்தது, போனின் பிரைட்னஸைத் தானாகக் கூடிக் குறையும் ஓட்டோ முறையில் விடுங்கள். பல போன்கள் தமது உச்ச வெளிச்சத்தை, சென்சர் வெயிலை உணரும்போது மட்டுமே தருகின்றன. கையால் முழுதாகக் கூட்டினாலும் அந்த அளவுக்கு ஏறாது. வெயிலில் போன் சூடேறினால் திரை தானாகவே மங்கும். அதை எந்த டெம்பரும் தடுக்காது, நிழல்தான் மருந்து.

கேள்வி (கல்முனை): ஒரு பெட்டியில் ஆன்டி கிளேர், இன்னொன்றில் ஆன்டி ரிஃப்ளெக்ஷன் என்று போட்டிருக்கு. விலையும் வித்தியாசம். எதை எடுக்க?

பதில்: வேலை செய்யும் முறையே வேறு தங்கச்சி. முதலாவது மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியது, அதாவது மேட். இரண்டாவதில் கண்ணாடிமேல் மிக மெல்லிய பூச்சுகள் இருக்கும். அவற்றின் தடிப்பு ஒளி அலைநீளத்தின் கால்பங்கை ஒட்டி அமைவதால், பூச்சின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் தெறிக்கும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும். நல்ல பூச்சு 4 வீதத்தை 1 வீதத்துக்கும் கீழே கொண்டுவரும், எழுத்தின் கூர்மையும் கெடாது. வெளியில் அதிகம் பாவிப்பவருக்கு இதுதான் என் தெரிவு.

பெட்டியை நம்ப வேண்டாம். கண்ணாடியைக் கறுப்பு உறைமேல் வைத்து டியூப்லைட்டுக்குக் கீழே பிடியுங்கள். லைட் வெள்ளைப் புகையாகக் கலைந்தால் மேட். லைட்டின் ஓரம் கூர்மையாக, ஆனால் மங்கலாக ஊதா அல்லது பச்சைச் சாயலில் தெரிந்தால் பூச்சுள்ளது. பளிச்சென்று வெள்ளையாகவே தெரிந்தால் அது சாதாரண டெம்பர், என்ன எழுதியிருந்தாலும் சரி. பூச்சுள்ளதில் ஒரு குறை: விரல் எண்ணெய் பட்ட இடம் தனியாகப் பளபளக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும்.

ஓரத்தில் மட்டும் பசை உள்ளதை வாங்காதீர்கள். நடுவே காற்று இடைவெளி வந்தால் ஒளி தெறிக்க இன்னும் இரண்டு பரப்புகள் கூடிவிடும். முழுப் பசை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (களுவாஞ்சிகுடி, மாணவர்): மேட் ஒட்டின பிறகு வெள்ளைப் பக்கத்தில் மணல்மணலாக, வானவில் நிறத்தில் மினுங்குது. டெம்பர் பழுதா?

பதில்: பழுதில்லை, பொருத்தம் இல்லை. சொரசொரப்பின் குழிகள் சிறு வில்லைகள் போல வேலை செய்து, கீழேயுள்ள சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைப் பிரித்துக் காட்டுகின்றன. திரையில் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமோ, சொரசொரப்பும் அவ்வளவு நுண்ணியதாக இருக்க வேண்டும். மேட் பரப்பு திரையிலிருந்து விலக விலக எழுத்தும் மங்கும். அதனால் 0.33 மில்லிமீற்றர் கண்ணாடியைவிட, அதே அளவு மேட் உள்ள மெல்லிய ஃபிலிமில் எழுத்து தெளிவாக இருக்கும்; விழுந்தால் பாதுகாப்பு குறைவு. வாங்குமுன் கடையில் திறந்த மாதிரி ஒன்று கேட்டு, வெற்று வெள்ளைப் பக்கம் உள்ள திரைமேல் படியவைத்துப் பாருங்கள். கேம் விளையாட மேட் நல்லது, வியர்த்த விரலும் ஒட்டாமல் வழுக்கிப் போகும். படம், வீடியோ திருத்துபவர் தவிர்ப்பது நல்லது.

கேள்வி (காத்தான்குடி): நானா, திரைக்குள் இருக்கும் கைரேகை வேலை செய்யுமா?

பதில்: பக்கப் பட்டனில் கைரேகை என்றால் யோசனையே வேண்டாம். திரைக்குள் ஒளியால் படிக்கும் வகைக்கு அடர்ந்த மேட் இடைஞ்சல். ஒலியால் படிக்கும் வகைக்குக் காற்று இடைவெளியும் தடித்த கண்ணாடியும் இடைஞ்சல். எதை ஒட்டினாலும் பழைய கைரேகையை அழித்துப் புதிதாகப் பதியுங்கள். சாம்சுங்கில் டிஸ்ப்ளே செட்டிங்கில் டச் சென்சிட்டிவிட்டியையும் போட்டுவிடுங்கள். செல்ஃபி கமராவுக்கு மேலே மேட் வரக்கூடாது, படம் பனிமூட்டமாகும். அந்த இடம் வெட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

கேள்வி (பொத்துவில்): 9எச் என்று வாங்கினேன். அறுகம்பைக் கடற்கரையில் இரண்டு நாளில் கீறல்.

பதில்: 9எச் என்பது பென்சில் கீறல் சோதனையின் அளவு. கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவு வேறு. கடல் மணலில் உள்ள குவார்ட்ஸ் அந்த அளவில் 7, கண்ணாடி அதற்குக் கீழே. மணல் கீறத்தான் செய்யும். உலர்ந்த துணியால் துடைப்பதுதான் பெரிய தவறு. முதலில் ஊதி மணலை உதறி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பை ஒற்றி எடுங்கள். போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போடுபவர் என்றால் ஃபிலிம் வேண்டாம், நிறநிறமாகத் தெரியலாம்.

கேள்வி (வாழைச்சேனை): வீட்டில் ஒட்டினால் ஒவ்வொரு முறையும் குமிழி.

பதில்: கச்சான் காற்று அடிக்கும் நாளில் யன்னல் பக்கம் இருந்து ஒட்டாதீர்கள், தூசிதான் காரணம். குளியலறையில் தண்ணீரைத் தெளித்து 10 நிமிடம் விட்டால் தூசி அடங்கும். ஃபேனை நிறுத்துங்கள். ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் துடைப்பானால் துடைத்து, உலர்ந்த மைக்ரோஃபைபரால் மறுபடி துடைத்து, கடைசியாகத் தூசி ஸ்டிக்கரால் திரை முழுவதும் ஒற்றுங்கள். காதுப்பக்கத் துளையைப் பொருத்திய பிறகு நடுவில் மட்டும் விரலால் அழுத்தி விடுங்கள், பசை தானாகப் பரவும். ஓரத்தில் தங்கும் சிறு குமிழி ஒரு நாளில் மறையலாம். நடுவில் புள்ளியுள்ள குமிழி மறையாது. உள்ளே தூசி இருக்கிறது. அதற்குப் பக்கத்து மூலையைத் தூக்கி, செலோடேப்பால் தூசியை எடுத்து மீண்டும் படியவிடுங்கள். ஓரம் மட்டும் எழும்பினால் கவர்தான் தள்ளுகிறது.

கேள்வி (அக்கரைப்பற்று): சாம்சுங் எஸ்24 அல்ட்ராவுக்கு என்ன டெம்பர்?

பதில்: 2024இல் வந்த அந்தப் போனின் கண்ணாடியே தெறிப்பைக் குறைக்கச் செய்யப்பட்டது. சாதாரண டெம்பர் ஒட்டினால் அந்தப் பயன் போய்விடும். ஒட்டத்தான் வேண்டுமென்றால் பூச்சுள்ளதை மட்டும்.

கேள்வி (சம்மாந்துறை): மேட் டெம்பரில் கீழ்ப்பக்கம் மட்டும் பளபளப்பு வந்திட்டுது.

பதில்: எண்ணெய் குழிகளை நிரப்பியிருக்கலாம், அல்லது பெருவிரல் உரசி உரசி மேட் தேய்ந்திருக்கலாம். ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். பளபளப்பு போனால் எண்ணெய். போகாவிட்டால் தேய்மானம், மாற்றுங்கள்.