டபிள்யூ டயருக்குப் பதில் வி போடலாமா?

இப்படிக் கேட்டவரின் செடானில் இருந்தது 225/50 ஆர்17 94 டபிள்யூ (வரிசையாக அளவு, சுமை எண், வேக எழுத்து), பெங்களூரு ஜே.சி. ரோடு டயர் கடையில் 'வி போதும் சார்' என்றார்களாம். நியாயம்தான், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மணிக்குப் பத்து கி.மீ.யைத் தாண்டுவதே பெரும்பாடு. ஆனால் அந்த எழுத்து வெறும் வேகக் கணக்கல்ல. வி மணிக்கு 240 கி.மீ., டபிள்யூ 270 கி.மீ. வேகத்தின் சூட்டைத் தாங்கும் கட்டமைப்பு. டபிள்யூவிலிருந்து வி-க்கு இறங்கினால் ஸ்டீயரிங் துல்லியமும் மாறலாம். டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் உள்ளதற்குக் குறையாமல் வாங்குங்கள்.

பெங்களூரு பள்ளங்களுக்கு என் கவலை சுமை எண்தான். 94 என்றால் ஒரு டயர் தாங்குவது 670 கிலோ; 91 வெறும் 615. குறைத்துப் போட்டால் பக்கச்சுவர் புடைக்க வாய்ப்பு அதிகம்.

பழையது ரன்ஃபிளாட்டா (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்)? ஸ்டெப்னி இல்லாத வண்டியில் சாதா டயருக்கு மாறினால் பஞ்சர் கிட் கட்டாயம். பக்கச்சுவரில் 2324 என்றிருந்தால் 2024-இன் 23-வது வாரத் தயாரிப்பு. இரண்டு மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னால் மாட்டுங்கள்.