நண்பர்கள் சிரித்த படத்துக்கு அரங்கில் ஏன் சிரிப்பில்லை?

கேள்வி: பிடிவாதக்கார பியானோ ஆசிரியர் ஒருவரை மையமாக வைத்து 1 மணி 50 நிமிட நகைச்சுவைப் படம் எடுத்தோம். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியானபின் முதல் மூன்று நாள் கூட்டம் வந்தது, நாலாம் நாள் படுத்துவிட்டது. இப்போது ஒரு முகவர், முன்பணம் கட்டினால் வெளிநாட்டு விழாக்களுக்கும் ஓடிடிக்கும் கொண்டுபோவதாகச் சொல்கிறார். கட்டலாமா? படத்தில் எங்கே குறை?

பதில்: கட்டாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன், முதலில் படத்தைப் பார்ப்போம்.

உங்கள் நண்பர்கள் பொய்யாகச் சிரிக்கவில்லை. அந்த நடிகரை அவர்களுக்குத் தெரியும். கதையையும் உங்கள் வாயால் பத்துத் தடவை கேட்டிருப்பார்கள். படம் தொடங்கும் முன்பே அந்த ஆசிரியர் அவர்களுக்குப் பழகிய ஆள். வழுக்கி விழுகிறவரைப் பார்த்துச் சிரிக்க அவர் யாரென்று தெரியவேண்டியதில்லை. பூட்டிய பியானோவின் முன்னால் ஒருவர் ஐந்து நொடி பேசாமல் நிற்பதைப் பார்த்துச் சிரிக்க, அவரோடு கொஞ்ச நேரமாவது பழகியிருக்க வேண்டும். டிக்கெட் வாங்கி வந்தவருக்கு அந்தப் பழக்கம் வருவதற்குள் பாதிப் படம் போய்விடுகிறது.

இதை ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். உங்களை அறியாத 25, 30 பேரை உட்காரவைத்துப் படத்தைப் போடுங்கள். அரங்கின் சத்தத்தைத் தொடக்கத்திலிருந்தே பதிவுசெய்யுங்கள். பிறகு அந்தப் பதிவைப் படத்தோடு ஓட்டி, எந்த நிமிடத்தில் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று குறியுங்கள். அங்கொன்று இங்கொன்றாக வரும் சிரிப்பை விட்டுவிட்டு, அரங்கே சேர்ந்து சிரித்த முதல் இடத்தைப் பாருங்கள். அது 20ஆம் நிமிடத்தையும் தாண்டியிருந்தால் எடிட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். ‘படம் பிடித்ததா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். ‘கதையை ஒரே வரியில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ‘அவர் ஒரு மாதிரியான ஆள், பார்த்தால்தான் புரியும்’ என்று பதில் வந்தால், வெளியேயும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரியைக் கேட்டு யாரும் டிக்கெட் எடுக்கமாட்டார்கள்.

பெரும்பாலும் கோளாறு முதல் பத்து நிமிடத்தில் இருக்கும். ஆசிரியரின் விசித்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டியிருப்பீர்கள்: கையுறை, கடிகாரம், முணுமுணுப்பு. அவருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் இருக்காது. ஒருவருக்கு ஒன்று வேண்டும், தன் குணத்தாலேயே அதைக் கெடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்துவிட்டால் பார்வையாளர் அவரோடு சேர்ந்துவிடுவார். அப்படி ஒரு காட்சி படத்தில் எங்கேயாவது இருக்கும். அதைத் தூக்கி முன்னால் வையுங்கள். அவரைப் பார்த்துத் திகைக்கிற சாதாரண ஆள் ஒருவரின் முகமும் பக்கத்தில் வேண்டும். எங்கே சிரிக்கலாம் என்பதை அந்த முகம்தான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது ட்ரெய்லர். இரண்டரை நிமிடத்துக்குள் படத்தின் சத்தமான துண்டுகளை எல்லாம் ஒட்டித் தரும் வழக்கத்தைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. அதைப் பார்த்து அடிதடிக் காமெடி எதிர்பார்க்கிறவர்கள் முதல் மூன்று நாளில் வருகிறார்கள், ஏமாந்து போகிறார்கள், நாலு பேரிடம் சொல்கிறார்கள். உங்கள் படத்தை ரசித்திருக்கக்கூடியவர் ட்ரெய்லரைப் பார்த்தே ஒதுங்கிவிட்டார். ஓடிடிக்குப் போகும்போதாவது 60 முதல் 90 நொடிவரை ஓடும் ஒரே காட்சியை வெட்டாமல் வெளியிடுங்கள்.

சப்டைட்டிலையும் நீங்களே சரிபாருங்கள். நடிகர் வாய் திறக்கும் முன்பே முழு வாக்கியமும் திரையில் வந்துவிட்டால், படிப்பவர் முன்கூட்டியே சிரித்துவிடுவார் அல்லது சிரிக்கவே மாட்டார். வாக்கியத்தை உடைத்து, கடைசிச் சொல்லை அவர் உச்சரிக்கும் கணத்தில் தனியாக வரவிடுங்கள். இரண்டு வரிக்குமேல் போகக்கூடாது.

இனி, எல்லோரும் காட்டும் விதிவிலக்கு. 2004இல் வந்த ‘நெப்போலியன் டைனமைட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படம் ஏறக்குறைய 4 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, வட அமெரிக்காவில் மட்டும் 4 கோடி டாலருக்குமேல் வசூலித்தது. அதுவும் ஒரு விசித்திரமான ஆளைப் பற்றிய படம்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் சண்டேன்ஸ் திரைப்பட விழாவில் அதை வாங்கியது பணபலமுள்ள ஸ்டூடியோ. சில திரைகளில் மட்டும் தொடங்கி, பார்த்தவர்கள் மற்றவர்களை அழைத்துவர வாரக்கணக்கில் அவகாசம் கொடுத்து, பிறகே ஆயிரத்துக்குமேல் திரைகளுக்கு விரித்தார்கள். அந்தப் பொறுமைக்கு யார் செலவழித்தார்கள் என்பதை உதாரணம் காட்டுகிறவர்கள் சொல்வதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். 2006 முதல் 2009 வரை நெட்ஃபிளிக்ஸ் 10 லட்சம் டாலர் பரிசுக்கு ஒரு போட்டி நடத்தியது. யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று கணிக்கும் போட்டி. அதில் கலந்துகொண்டவர்களை மிகவும் திணறடித்த படங்களில் ‘நெப்போலியன் டைனமைட்’டும் ஒன்று. பார்த்தவர்கள் ஒன்று தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், இல்லாவிட்டால் வெறுத்தார்கள். இந்த வகைப் படங்களுக்கு இது இயல்பு. அப்படியிருக்க, எல்லோருடைய மதிப்பெண்ணையும் கூட்டி வகுத்துச் சராசரி போட்டு, ‘சுமாரான படம்’ என்று முத்திரை குத்துகிறார்கள்! பாதிப்பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த படம் சுமாரான படம் ஆகாது. உங்கள் படத்தின் மதிப்பெண்களையும் பிரித்துப் பாருங்கள். இரு முனையிலும் குவிந்திருந்தால் படத்துக்கு ஆள் இருக்கிறது. எல்லாம் நடுவில் குவிந்திருந்தால் கேரக்டரே தொடவில்லை.

முகவர் விஷயம். நேர்மையான விற்பனை முகவர் விற்ற தொகையில் சதவீதம் எடுப்பார், முன்பணம் கேட்கமாட்டார். பெரிய விழாக்கள் பலவும் போட்டிப் பிரிவுக்கு முன்பு எங்கும் காட்டாத படத்தைத்தான் கேட்கும். உங்கள் படமோ ஏற்கெனவே திரையரங்கில் ஓடிவிட்டது. ஆகவே அவர் வாங்கித் தரப்போவது, நுழைவுக்கட்டணம் கட்டியவர்களுக்கெல்லாம் விருது கொடுக்கும் விழாக்களின் இலைச் சின்னம், அதாவது விழாவின் பெயரைச் சுற்றி இரு இலைக்கொத்து போட்ட முத்திரை. போஸ்டரில் போட்டுக்கொள்ளலாம், அதைப் பார்த்து எந்த ஓடிடியும் விலை ஏற்றாது. காசு வாங்கிக்கொண்டு பாராட்டி எழுதவைக்கும் ‘விமர்சனப் பேக்கேஜ்’ என்று ஒன்றை நீட்டினால் அதையும் தள்ளுங்கள்.

வேறு முகவரிடம் போனாலும் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். எந்தெந்த நாடுகள், எத்தனை ஆண்டு, அவர் கழித்துக்கொள்ளும் செலவுக்கு உச்சவரம்பு எவ்வளவு, விற்காவிட்டால் எந்தத் தேதியில் உரிமை உங்களிடம் திரும்பும். கையெழுத்தாகும்வரை மாஸ்டர் காப்பி உங்களிடமே இருக்கட்டும். பார்ப்பதற்கு, அவர் பெயரை வாட்டர்மார்க்காகப் போட்டு, கடவுச்சொல் வைத்த ஒரு இணைப்பு போதும்.