பிங் பச்சை காட்டுகிறது, போச்சம்பள்ளியில் கரண்டே இல்லை

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் கம்ப்யூட்டர், சிசிடிவி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பர்கூர், போச்சம்பள்ளி, சந்தூர், ஊத்தங்கரை ஆகிய நான்கு இடங்களில் மாங்கூழ் வைத்திருக்கும் குளிர் கிடங்குகளின் கேமராவும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் என் பொறுப்பு. நான்கும் இணைப்பில் இருக்கின்றனவா என்று ஃபோனில் ஒரே பக்கத்தில் பார்க்க, இலவச பிங் ஏபிஐ ஒன்றை (ஒரு கருவியின் இணைய எண்ணான ஐபி முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் இணையச் சேவை) வைத்து ஒரு வலைப்பக்கம் செய்தேன். போன வாரம் போச்சம்பள்ளியில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. பக்கம் பச்சையே காட்டியது. சந்தூர் எப்போதும் சிவப்பு. ஆனால் கேமரா ஆப்பில் படம் நன்றாக ஓடுகிறது. ஏபிஐ தப்பா, நான் தப்பா?

பதில்: ஏபிஐ கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. ஆனால் போச்சம்பள்ளி என்று நினைத்து நீங்கள் கொடுத்த முகவரியில் இருப்பது உங்கள் கிடங்கு இல்லை. சந்தூரில் கிடங்கு இருக்கிறது, ஆனால் அது வெளியாள் தட்டினால் வாய் திறக்காது. இரண்டும் வேறு வேறு நோய்கள். மருந்து ஒன்றுதான்; அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த ஏபிஐ என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். உலாவியால் பிங் அனுப்ப முடியாது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தெரிந்தது ஹெச்டிடிபி, வெப்சாக்கெட் போன்ற சில வழிகள்தான். பிங் பயணிக்கும் ஐசிஎம்பி என்ற நெறிமுறையை உலாவி அதன் கையில் கொடுப்பதில்லை. அதனால் எங்கோ ஒரு சர்வரில் இருக்கும் ஆளிடம் 'இந்த முகவரியைத் தட்டிப் பார்த்துச் சொல்' என்று கேட்கிறோம். அவர் தட்டுகிறார். பதில் வந்ததா, எத்தனை மில்லிசெகண்ட் ஆனது, அனுப்பிய செய்தித் துண்டுகளில் (பாக்கெட்) எத்தனை தொலைந்தது என்று, நிரல் எளிதில் படிக்கும் ஜேசான் வடிவில் எழுதித் தருகிறார். ஆக, உங்களுக்குக் கிடைப்பது அந்த சர்வர் இருக்கும் இடத்திலிருந்து தெரியும் காட்சி. காவேரிப்பட்டணத்திலிருந்து தெரிவதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. குளோபல்பிங் போன்ற சேவைகளில் வேலை இரண்டு தவணையாக நடக்கும். முதல் கோரிக்கைக்கு ஓர் அடையாள எண் மட்டும் வரும். அந்த எண்ணைக் கொடுத்து மறுபடி கேட்டால்தான் முடிவு கிடைக்கும். சோதனை முடிவதற்குள் கேட்டால் 'இன்னும் நடக்கிறது' என்ற நிலைதான் வரும். அதையும் 'இணைப்பு இல்லை' என்று எடுத்துக்கொள்ளும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பச்சை, சிவப்பு போக 'தெரியவில்லை' என்று சாம்பல் நிறம் ஒன்றை உங்கள் பக்கத்தில் கட்டாயம் வையுங்கள்.

இப்போது போச்சம்பள்ளி. அங்கே போய், 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதோ ஒரு தளத்தைத் திறந்து, அதில் வந்த எண்ணை எழுதிக்கொண்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழைய ஐபி முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். உலகத்துக்கு அது போதவில்லை. அதனால் சிம் கார்டு இணைப்புகளிலும் பல ஃபைபர் இணைப்புகளிலும் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். வாசலில் ஒரே கதவு எண், உள்ளே நூறு குடித்தனம். நீங்கள் தட்டியது வாசல் கதவை. திறந்து 'இருக்கிறேன்' என்றது இணைப்பு நிறுவனத்தின் கருவி. அதற்கு பேட்டரியும் ஜெனரேட்டரும் உண்டு. போச்சம்பள்ளியில் கரண்ட் போனது அதற்கு எப்படித் தெரியும்?

பிங்கின் பிறவிக் குணம் இது. அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மஸ், 1983 டிசம்பரில், ஒரு நெட்வொர்க் கோளாறைத் துரத்தும்போது எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனாரின் சத்தத்திலிருந்து அந்தப் பெயரை வைத்தார். அதற்கு அடிப்படையான ஐசிஎம்பி நெறிமுறை 1981-லேயே வந்துவிட்டது. எதிரொலி வந்தால் அந்தத் திசையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரியும். அது கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆரா, ரூட்டரா, வேறு யார் வீட்டு மோடமா என்பதைச் சொல்ல அந்தச் செய்தியில் இடமே இல்லை. கருவிக்குள் எந்தச் சேவைக்கு என்று குறிக்கும் போர்ட் எண்கூட அதில் கிடையாது.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு எளிய சோதனை. கிடங்கில் இருக்கும் ஆளுக்கு ஃபோன் போட்டு, ரூட்டர் சுவிட்சை இரண்டு நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். அதே நேரத்தில் ஏபிஐயை ஓட்டுங்கள். அப்போதும் பச்சை வந்தால், பேசுவது வேறு யாரோ. ரூட்டரின் லாகின் பக்கத்திலும் பார்க்கலாம்: அதில் வெளிப்பக்க முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள் என்று பொருள். 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. 10-ல் தொடங்கினாலும், 192.168 என்று தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை எதில் தொடங்கினாலும் வெளியிலிருந்து நேராக வர முடியாது. இன்னொரு துப்பு, மில்லிசெகண்ட். சிம் ரூட்டர் வழியாக வரும் பதில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் பாக்கெட் பெரும்பாலும் தாமதமாக வரும், மோடம் ஓய்விலிருந்து எழுந்து வர வேண்டுமே. ராத்திரி பகல் எப்போது பார்த்தாலும் நூல் பிடித்தாற்போல் ஒரே எண் வந்தால் சந்தேகப்படுங்கள்.

இதில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அரூர் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்துக்கு இதே மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தேன். அங்கே சிஜிநாட் இல்லை, பொது முகவரியே கிடைத்தது. ஆனால் நிலையான முகவரி இல்லை. ஒரு நாள் ரூட்டர் அணைந்து எழுந்தபோது எண் மாறிவிட்டது. பழைய எண் வேறொரு வாடிக்கையாளருக்குப் போய், அவர் ரூட்டர் என் பிங்குக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று நாள் அந்நியர் வீட்டு ரூட்டரைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மூன்று நாளும் அங்கே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு வெளியிலிருந்து தட்டும் முறையை இந்த மாதிரி இடங்களுக்கு நான் பயன்படுத்துவதே இல்லை.

சந்தூர் கதை தலைகீழ். வெளியிலிருந்து வரும் பிங்கைக் கண்டுகொள்ளாமல் விடும்படி பல ரூட்டர்களுக்குக் கம்பெனியிலேயே அமைத்து அனுப்புகிறார்கள். பாதுகாப்புக்கு அது நல்லதுதான். கேமரா ஆப்பில் படம் வருவதற்குக் காரணம், டிவிஆர் தானே வெளியே போய் அந்த ஆப்பின் சர்வரைப் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளிருந்து வெளியே போகும் வழி திறந்திருக்கிறது, வெளியிலிருந்து உள்ளே வரும் வழி மூடியிருக்கிறது. ரூட்டரில் பிங்கைத் திறந்துவிடலாம். ஆனால் அப்போது பதில் சொல்வது ரூட்டர். டிவிஆர் செத்துக் கிடந்தாலும் பச்சைதான் வரும்.

சில ஏபிஐகள் பிங்குக்குப் பதிலாகக் குறிப்பிட்ட டிசிபி போர்ட்டைத் தட்டிப் பார்க்கும். பொது முகவரி உள்ள இடத்துக்கு இது பிங்கைவிட மேல். இதில் மூன்று விதமாகப் பதில் வரும். இணைப்பு கிடைத்தால் அந்தச் சேவை விழித்திருக்கிறது. 'மறுக்கப்பட்டது' என்று வந்தால், அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. ஆனால் மறுப்பதற்கும் அங்கே ஒரு கருவி உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? அதைச் சிவப்பில் சேர்க்காதீர்கள். மூன்றாவது, நேரம் கடந்தும் மௌனம். கருவி செத்திருக்கலாம், வேண்டாத தொடர்பைத் தடுக்கும் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், வழியில் கேபிள் அறுந்திருக்கலாம். மௌனத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இப்படிச் சோதிப்பதற்காக டிவிஆரின் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய மென்பொருளும் எளிய கடவுச்சொல்லுமாக இணையத்தில் நின்ற டிவிஆர்களையும் கேமராக்களையும்தான் 2016-ல் மிராய் என்ற தீநிரல் கும்பல் கும்பலாகக் கைப்பற்றியது.

சரி, மருந்து. திசையை மாற்றுங்கள். நீங்கள் போய்த் தட்டாதீர்கள். கிடங்கு உங்களைக் கூப்பிடட்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு கருவி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் ஏபிஐக்கு 'நான் இருக்கிறேன்' என்று ஒரு ஹெச்டிடிபி கோரிக்கை அனுப்ப வேண்டும். இதைத் துடிப்பு என்பார்கள். வெளியே போகும் வழி எல்லா இடத்திலும் திறந்தே இருப்பதால் சிஜிநாட்டும் தடையில்லை, மாறும் முகவரியும் தடையில்லை. சர்வர் பக்கம் செய்ய வேண்டியது, கடைசித் துடிப்பு எப்போது வந்தது என்று எழுதி வைப்பது மட்டும்தான். ஒரு இடத்துக்கு நாளைக்கு 288 கோரிக்கை. நான்கு இடத்துக்கும் சேர்த்து 1152. சாதாரண ஹோஸ்டிங்குக்கு இது சுமையே இல்லை.

அனுப்பும் கருவியாக ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வைக்கலாம், இஎஸ்பி32 என்ற வைஃபை சிப் பலகை வைக்கலாம், பழைய ஆண்ட்ராய்டு ஃபோனும் போதும். மைக்ரோடிக் ரூட்டர் இருந்தால் அதிலேயே நேரம் குறித்து ஒரு வலை முகவரியை அழைக்கும் வசதி உண்டு. எதை வைத்தாலும் ஒன்றைச் செய்யுங்கள்: துடிப்பை அனுப்பும் முன் அந்தக் கருவி கிடங்குக்குள்ளேயே டிவிஆரையும் கன்ட்ரோலரையும் பிங் செய்து பார்த்து, அந்த முடிவையும் சேர்த்து அனுப்பட்டும். பிங்குக்கு உகந்த இடம் இதுதான். ஒரே சுவிட்சில் இருக்கும் இரண்டு கருவிகளுக்கு நடுவே சிஜிநாட் இல்லை, வெளி ஃபயர்வால் இல்லை. யார் பதில் சொல்கிறார்கள் என்பதில் குழப்பமும் இல்லை. குளிர் அறையின் டிகிரியையும் அதே கோரிக்கையில் ஏற்றி அனுப்பிவிடலாம். உங்கள் மாங்கூழுக்கு அதுதான் முக்கியம். இணைப்பு இருந்தும் கம்ப்ரசர் நின்றுபோனால் பச்சை விளக்கால் என்ன பயன்?

கரண்ட் போனதைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், ரூட்டருக்கும் இந்தக் கருவிக்கும் ஃபைபர் என்றால் அதன் கேபிள் வந்து சேரும் ஓஎன்டி பெட்டிக்கும் சேர்த்து ஒரு மினி யுபிஎஸ் வையுங்கள். கருவியின் ஒரு முனையில் ஈபி லைன் இருக்கிறதா என்று பார்க்க அடாப்டர் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்து இணைத்துவிட்டால், கரண்ட் போன நொடியில் 'மெயின் இல்லை, பேட்டரியில் ஓடுகிறேன்' என்று சொல்லிவிடும். பிறகு பேட்டரி தீர்ந்து மௌனமானாலும் காரணம் உங்கள் கையில் இருக்கும்.

ஒரு துடிப்பு தவறியதற்கு அலாரம் அடிக்க வைக்காதீர்கள். சிம் இணைப்பில் மழை நாளில் ஒன்றிரண்டு தவறுவது சகஜம். மூன்று தவறட்டும், அதாவது 15 நிமிடம். நான்கு இடமும் ஒரே நிமிடத்தில் சிவப்பானால் கிடங்குகளுக்கு ஃபோன் போடும் முன் உங்கள் சர்வரைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பக்கத்தில் வெறும் பச்சை வட்டத்தோடு நிறுத்தாமல், கடைசித் துடிப்பு வந்த மணியையும் எழுதுங்கள். உலாவி பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக் காட்டினால் மணியைப் பார்த்ததும் பிடிபட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. 'நானே பிங் ஏபிஐ எழுதிவிடுகிறேன்' என்று பிஹெச்பி நிரல்மொழியில் இறங்குபவர்கள், வலைப்பக்கத்தில் வந்த முகவரியை அப்படியே லினக்ஸின் பிங் கட்டளையோடு ஒட்டி ஓட்டிவிடுகிறார்கள். முகவரிக்குப் பின்னால் ஒரு அரைப்புள்ளி வைத்து வேறு கட்டளையைச் சேர்த்து அனுப்பினால் அதுவும் உங்கள் சர்வரில் ஓடும். அதோடு போச்சு. உங்கள் ஏபிஐ முகவரியையே வாங்கக் கூடாது. 'இடம் 1', 'இடம் 2' என்று எண்ணை மட்டும் வாங்கி, உரிய முகவரியைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். துடிப்புக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி நீளமான ரகசியக் குறி கொடுத்து, ஹெச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் வாங்குங்கள்.

வெளியிலிருந்து தட்டும் அந்தப் பழைய ஏபிஐயைத் தூக்கிப் போட வேண்டாம். துடிப்பு வாங்கும் உங்கள் சர்வருக்கு நிலையான பொது முகவரி இருக்கும். அந்த சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இந்த ஏபிஐயையே வைத்துக்கொள்ளுங்கள். போச்சம்பள்ளியில் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். சந்தூரில் டிவிஆர் ஆப்பாவது ஓடுகிறது, அது அடுத்த வாரம் வரை பொறுக்கும்.