மராமத்துக்கு யார் வாக்குக் கேட்கிறார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கோயில், குடும்பம், கடனில்லாத வாழ்க்கை, மதுக்கடை இல்லாத ஊர் என்று பேசுவதால் பிள்ளைகள் என்னைப் பழமைவாதி என்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. 1977 முதல் ஒரு தேர்தலையும் விடாமல், வெவ்வேறு கட்சிகளுக்கு வாக்களித்திருக்கிறேன். காக்க வேண்டும் என்று நாங்கள் கேட்ட எதையும் எவரும் காக்கவில்லை என்ற எண்ணமே மிஞ்சி நிற்கிறது. இந்தச் சலிப்பு வயதால் வருவதா, அரசியலிலேயே கோளாறு இருக்கிறதா?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: வயது காரணமன்று. தாங்கள் அரசியலிடம் கேட்பது மராமத்து. அது கொடுக்கப் பழகியிருப்பதோ திறப்பு விழா.

தங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் கன்னடியன் கால்வாயையே எடுத்துக்கொள்வோம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து பிரியும் அந்தக் கால்வாய், கார் சாகுபடிக்கும் பிசான சாகுபடிக்கும் பல தலைமுறைகளாக நீர் தந்து வருகிறது. கால்வாய் என்றால் மண் மேடிடும், கரை அரிக்கும், மடையில் செடி முளைக்கும். பாசனம் பெறும் குடிகளே வீட்டுக்கு இத்தனை ஆள் என்று கொடுத்து அவற்றைச் சீர்செய்த வழக்கத்தைத்தான் குடிமராமத்து என்றார்கள். 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இதற்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தும் நிலை வந்ததே வழக்கம் தளரத் தொடங்கியதற்கு அடையாளம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, பெயர் திரும்பி வந்தது, செலவு அரசு நிதியாக மாறியிருந்தது.

புதிய பாலத்துக்குக் கல்வெட்டு வைப்பார்கள். இவ்வாண்டும் உடையாமல் நின்ற கரைக்கு எவரும் கல்வெட்டு வைப்பதில்லை. காத்தல் என்பது கண்ணுக்குத் தெரியாத வேலையாக இருப்பதால், அதைக் காட்டி வாக்குக் கேட்பது கடினம். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. பழைய குடிமராமத்தில் காத்தலுக்கு என்ன விலை என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அந்த ஆண்டு அந்த வீட்டிலிருந்து மண்வெட்டியோடு ஆள் போயாக வேண்டும். இன்றைய அரசியலில் காப்போம் என்ற வாக்குறுதி மட்டும் நம்மை வந்தடைகிறது. அதன் விலையை வாக்குக் கேட்பவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

மதுவிலக்கின் கதை இதற்குத் தெளிவான சான்று. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கினார். காங்கிரசைவிட்டு விலகி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த அவர், 1967 தேர்தலில் தி.மு.க.வோடு கூட்டணி கண்டார். அத்தேர்தலில் சுதந்திராக் கட்சி மக்களவையில் 44 இடங்களையும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 20 இடங்களையும் பெற்றது. ராஜாஜியின் சொல்லை நம்பி, தம் மனத்துக்கு முழுதும் ஒவ்வாத கட்சிக்கு வாக்களித்த பழமைப் பற்றாளர்கள் அன்று நம் பக்கத்திலும் இருந்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1971இல், தி.மு.க. அரசு மதுவிலக்கை நிறுத்திவைத்தது. ராஜாஜி நேரில் வேண்டியும் பயனில்லை. 1974இல் மதுவிலக்கு திரும்பியது, 1981இல் அ.தி.மு.க. ஆட்சியில் மீண்டும் தளர்ந்தது. 2003இல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் வழியாக அரசின் கைக்கு வந்தது. 2016 தேர்தலில் இரு பெரிய கட்சிகளும் மதுவிலக்கை வாக்குறுதியாக அளித்தன. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன. ஆனால் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் தரும் வருவாய்க்கு மாற்று என்ன, எந்த வரி உயரும், எந்தத் திட்டம் சுருங்கும் என்று எந்த மேடையிலும் கணக்கு விரிக்கப்படவில்லை. விலை சொல்லப்படாத வாக்குறுதி நிறைவேறாதபோது, ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு வருவது இயற்கை.

தங்கள் தொகுதி உறுப்பினரைக் கேட்டால் அவர் இதைத் தனிமையில் ஒப்புக்கொள்வார். ஆயினும் 1985இல் வந்த 52ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி அவையில் வாக்களித்தால் அவருடைய பதவியே போய்விடக்கூடும். கட்சித் தாவலைத் தடுக்க வந்த அச்சட்டம், தொகுதியின் மனச்சாட்சியைப் பேச வேண்டியவரின் வாயையும் சேர்த்தே கட்டிவிட்டது என்பது என் கருத்து.

தங்களுக்கு உவப்பில்லாத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். தங்கள் ஊருக்கு அருகிலுள்ள சேரன்மாதேவியில் 1920களின் தொடக்கத்தில் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தமிழ்க் கல்வியையும் கைத்தொழிலையும் நாட்டுப்பற்றையும் ஒருங்கே ஊட்ட எண்ணிய அரிய முயற்சி அது. தமிழ்நாடு காங்கிரசின் பொருளுதவியும் அதற்கு இருந்தது. அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி வைத்ததை அன்று காங்கிரசில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். ஐயர் 1925 ஜூனில் பாபநாசம் அருவியில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்ற முயன்று உயிரிழந்தார். அதே ஆண்டில் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். அதற்கு இட்டுச் சென்ற மனக்கசப்புகளில் இந்தக் குருகுலமும் ஒன்று. காக்கத் தக்க கல்வியையும் களையத் தக்க தனிப்பந்தியையும் ஒரே பாயில் சுருட்டி வைத்ததால், தனிப்பந்தியை எதிர்த்தவர்களுக்குக் கல்வியும் அயலாயிற்று. மரபைப் பற்றி நாம் பேசத் தொடங்கியதும் எதிரிலிருப்பவர் அந்தப் பந்தியை நினைத்துக்கொள்கிறார் என்றால், குறை கேட்பவரிடம் மட்டும் இல்லை.

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் மருத்துவமனைப் பணியில் இருக்கிறான். அங்கேயும், அமெரிக்காவிலும், பழமைவாதக் கட்சிகளுக்கு வாக்களித்தவர்களே அக்கட்சிகளைத் திட்டுகிறார்கள் என்கிறான். ஆட்சியும் கையில், புலம்பலும் வாயில் என்பது எப்படி?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தங்கள் மகன் செய்யும் வேலையே பாதி விடையைச் சொல்கிறது, அம்மா. பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி 2010 தேர்தலில், நாட்டுக்குள் வந்து குடியேறுவோரின் நிகர எண்ணிக்கையை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவதாகச் சொன்னது. பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஆட்சியில் இருந்தது. 2016 வாக்கெடுப்பின்படி 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தும் நாட்டை வெளியே கொண்டுவந்தது. ஆனால் 2023 ஜூனில் முடிந்த ஓராண்டில் அந்த எண்ணிக்கை ஒன்பது லட்சத்தையும் கடந்தது. மருத்துவமனைகளுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் ஆள் தேவைப்பட்டது, பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம் தேவைப்பட்டது. மேடையில் மறுத்த கட்சியே அலுவலகத்தில் விசாவுக்குக் கையெழுத்திட்டது. 2019இல் 365 இடங்கள் வென்ற அக்கட்சிக்கு 2024 ஜூலையில் கிடைத்தவை 121. அதன் வரலாற்றிலேயே மிகக் குறைவு. குறைத்தால் தாதியர் ஊதியம் உயரும், அதற்கு வரி கூடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், மக்கள் ஏற்றோ மறுத்தோ இருப்பார்கள். எதுவாயினும் வஞ்சிக்கப்பட்ட உணர்வு எழுந்திராது.

அமெரிக்காவில் 2010இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்குவோம் என்று குடியரசுக் கட்சி ஏழு ஆண்டுகள் முழங்கியது. வெள்ளை மாளிகையும் இரு அவைகளும் கையில் வந்தபின், 2017 ஜூலையில் செனட் சபையில் அம்முயற்சி 49க்கு 51 என்ற வாக்கில் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களுள் அக்கட்சியின் மூவர் இருந்தார்கள், ஜான் மெக்கெய்ன் அவர்களில் ஒருவர். காப்பீடு பெற்றுவிட்ட கோடிக்கணக்கானோருக்கு மாற்று என்ன என்பதற்கு விடை தயாராக இருக்கவில்லை.

அங்குள்ள பழமைவாதிகள் வென்ற இடமும் உண்டு. கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் நீக்கியது. அதற்காக அவர்கள் 49 ஆண்டுகள் உழைத்தார்கள். ஆனால் அடுத்த ஆறே வாரங்களில், குடியரசுக் கட்சிக்கே பழக்கப்பட்ட கேன்சஸ் மாநிலத்தில், அவ்வுரிமையை அகற்றும் மாநிலத் திருத்தத்தை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். நீதிமன்றத்தில் வென்றவர்கள் அண்டை வீட்டாரின் மனத்தை இன்னும் வெல்லவில்லை என்பது அப்போது தெரிந்தது.

கேள்வி: அப்படியானால் நோட்டாவை அழுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடலாமா?
— வாசகர், மானூர்

பதில்: உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2013இல் வந்த நோட்டா, எத்தனை வாக்குப் பெற்றாலும் முடிவை மாற்றுவதில்லை. மற்றவர்களுள் அதிக வாக்குப் பெற்றவரே வெல்வார்.

தாங்கள் மானூரிலிருந்து இதைக் கேட்பதுதான் என்னை நெகிழச் செய்கிறது. தங்கள் ஊர்க் கோயிலில் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று ஊர்ச்சபையின் விதிகளைச் சொல்கிறது. சபையில் வரும் ஒவ்வொன்றுக்கும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்பது அவ்விதிகளுள் ஒன்று. நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கு மட்டுமே அச்சபையில் இடம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். இன்றைய கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் இடம் உண்டு.

அந்த இடத்தை நாம் என்ன செய்தோம்? ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தது. மாவட்டப் பிரிவினையால் திருநெல்வேலியும் தென்காசியும் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்தாண்டுகள் நம் கிராமங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. சென்னையிலும் தில்லியிலும் நடப்பதைப் பற்றித் திண்ணையில் மணிக்கணக்கில் பேசும் நம்மில், அதற்காகக் குரல் எழுப்பியவர்கள் மிகச் சிலரே. மரபு வாழும் இடம் ஊர் என்று நம்புகிறவர்கள் ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாதபோது வாளாவிருந்தது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

காக்கும் வேலையைக் கட்சிப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். தாமிரபரணியில் மணல் அள்ள 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஐந்தாண்டுத் தடை பெற்றவர், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் நாளில் தெருவிலிருந்து நான்கு பேரை அழைத்துக்கொண்டு செல்லுங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். குளத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்த மடையைச் சீர்செய்தார்கள், மீதி வேலைக்கு ஊரார் எத்தனை ஆள் தர வேண்டும் என்று கேளுங்கள்.