தம்பி, அந்தப் படகை இப்போது வாங்காதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்வி வந்தபோது நான் கொடைக்கானலில் இருந்தேன். ஆண்டு விடுப்பில் நாயுடுபுரம் வந்து அம்மாவோடு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உங்கள் அம்மாவையும் பார்த்தேன். "இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, படகு வாங்கப் போகிறானாம். நீயாவது சொல்லம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

நீங்கள் கேட்டது இது: உடன் வேலை பார்ப்பவர் 1970களில் கட்டிய 26 அடிப் பாய்மரப் படகு ஒன்றை ஏறக்குறைய இலவசமாகத் தருகிறார். ஆறு வயதில் ஒன்று, ஒன்பது வயதில் ஒன்று என்று வீட்டில் இரண்டு பிள்ளைகள். வாங்கிவிட்டால் ஞாயிறுதோறும் குடும்பத்தோடு காலையில் கிளம்பி மாலையில் திரும்பலாமா? கூடவே பள்ளி, வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம், முருங்கைக்காய் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உரிமத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் இந்திய உரிமம் செல்லும், அதற்குள் அங்கே தேர்வு எழுதித் தேறிவிடுங்கள். படகுக்கு வருவோம்.

ஜனவரியில் ஒருவர் படகைச் சும்மா தருகிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அக்டோபரில் கிரேன் வைத்துத் தூக்கிக் கரையில் நிறுத்தியிருப்பார். குளிர்காலம் முழுவதும் படகு நிறுத்தும் யார்டுக்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கும். மார்ச் பிறந்தால் அடிப்பாகத்தைச் சுரண்டி, பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்க ஆன்டிஃபவுலிங் பூச்சு அடித்து, மறுபடி கிரேனுக்குப் பணம் கட்டி இறக்க வேண்டும். வயதாகி முழங்கால் வலி வந்தவர் இந்த வேலையைப் பார்த்து மலைத்துப் போய், யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்றிருப்பார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரசீதில் கையெழுத்துப் போட்ட அன்றே அந்தச் சுமை உங்களுடையதாகிவிடும். வேண்டாம் என்று பிறகு தூக்கிப் போடவும் முடியாது. பழைய ஃபைபர் படகை உடைத்து அப்புறப்படுத்தவும் கட்டணம் கேட்பார்கள்.

படகைச் சும்மா தர ஆள் உண்டு. நிறுத்தும் இடத்தைச் சும்மா தர ஒருவரும் இல்லை. உங்கள் படகு எட்டு மீட்டர். மெரினா எனப்படும் படகுத் துறையில் அதற்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் பவுண்டு ஆகும். புதிதாக வந்து, மனைவியின் விசாக் கட்டணமும் சுகாதாரக் கட்டணமும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே கூடாது. லாங்ஸ்டன், சிச்செஸ்டர் துறைமுகப் பக்கங்களில் நீர் வற்றினால் சேற்றில் அமரும் இடங்கள் சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கும். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த தகட்டைக் கீல் என்பார்கள்; இரட்டைக் கீல் கொண்ட படகுதான் அங்கே சாயாமல் நிற்கும். அந்தக் காலத்து வெஸ்டர்லி சென்டார் அப்படிப்பட்டது; 26 அடி நீளம், 1969 முதல் 1980 வரை 2,000க்கும் மேல் கட்டினார்கள். உங்களுடையது அந்த வகைதானா என்று கேளுங்கள். ஆம் என்றால், இரண்டு கீல்களும் உடலோடு சேரும் இடத்தில் குனிந்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வலுவூட்டியிருக்கிறார்களா என்றும், அதற்குக் காகிதம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சேற்று இடத்தில் "ஞாயிறு காலை பத்து மணிக்கு" என்ற பேச்சே கிடையாது. கடல் ஏறி உச்சம் தொடும் உயர் ஓதத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு, மூன்று மணி நேரம்தான் படகு மிதக்கும். இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. நம் வீட்டில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது அல்லவா? போர்ட்ஸ்மவுத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உயர் ஓதம் நண்பகல் வாக்கில் வரும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதிகாலையிலும் மாலையிலும் வரும். பிள்ளைகளோடு பகல் பயணத்துக்குச் சேற்று இடத்திலிருந்து கிளம்ப அமாவாசை, பௌர்ணமி வாரம்தான் தோது. ஆனால் அந்த வாரத்தில் கடல் நான்கு மீட்டர் ஏறி இறங்கும், நீரோட்டமும் கடுமையாக இருக்கும். அஷ்டமி வாரத்தில் ஏற்றம் அதில் பாதிதான். எங்கள் வீட்டில் மணி பார்க்கும் முன் திதி பார்ப்பது அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். ஓத அட்டவணையைக் கையில் எடுக்கும் முன்பே எனக்குப் பாதி தெரிந்துவிடும்.

இனிப் படகைப் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியது. தரையில் நிற்கும்போதே பாருங்கள். உள்ளே பலகையைத் தூக்கினால் உடலைத் துளைத்துக்கொண்டு போகும் வால்வுகள் தெரியும்: கழுவுதொட்டிக்கு ஒன்று, கழிப்பறைக்கு இரண்டு, எஞ்சினுக்குக் கடல்நீர் எடுக்க ஒன்று. ஒவ்வொன்றும் கடலை வெளியே நிறுத்தி வைக்கும் கதவு. மேலே படிந்த பச்சையைச் சிறு கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே மஞ்சளாக மின்னினால் நல்லது. இளஞ்சிவப்பாக, செம்பு நிறத்தில் தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்விட்டது என்று பொருள். பார்க்க முழு வால்வாகவே இருக்கும், கையால் திருகினால் பொடிந்து வரும். அப்படி ஒன்று இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றாமல் தண்ணீரில் இறக்கக் கூடாது. ஒவ்வொரு வால்வின் அருகிலும் கூம்பாகச் சீவிய மரக்கட்டை ஒன்று கயிற்றில் கட்டித் தொங்குகிறதா என்று பாருங்கள். வால்வு உடைந்தால் துளையில் அடித்து இறுக்க அதுதான். அந்தக் கட்டை இல்லாத படகின் சொந்தக்காரர் மற்ற விஷயங்களிலும் எப்படி இருந்திருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் எஃகுக் கம்பிகளில் ஒரு துண்டு பஞ்சை வைத்து மேலிருந்து கீழாக இழுங்கள். பஞ்சு எங்காவது மாட்டினால் அங்கே ஒரு இழை அறுந்து மீன் முள்ளைப் போல நீட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் கையால் இழுக்காதீர்கள், கிழித்துவிடும். பத்தாண்டு தாண்டிய கம்பிகளை மாற்றச் சொல்லிக் காப்பீட்டுக்காரர்கள் பலர் கேட்கிறார்கள். முழுவதும் மாற்றினால் ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிடும். மேல்தளத்தை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே நடங்கள். கணீரென்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. படகை உந்தும் சுழலியின் தண்டில் பொருத்திய துத்தநாகக் கட்டியைப் பாருங்கள். உப்புநீர் தண்டை அரிக்காமல் அதற்குப் பதில் இந்தக் கட்டியை அரிக்க வேண்டும், அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. பல பருவம் ஓடியும் புதிது மாதிரி முழுசாக இருந்தால் அது வேலை செய்யவில்லை.

எஞ்சினை மட்டும் கண்டு பயப்படாதீர்கள். பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டுக்குக் காய் ஏற்றிப் போன ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாதி மலையில் வண்டி நின்றால் என் அப்பா பானட்டைத் திறந்து, டீசல் லைனில் நட்டைத் தளர்த்தி, கை பம்பை அழுத்தி அழுத்தி ஏர் எடுப்பார். குமிழி நின்று சுத்தமான டீசல் வந்ததும் நட்டை இறுக்குவார். படகு எஞ்சினிலும் அதே வேலைதான். யார்டில் முதன்முறை நான் அதைச் செய்தபோது, நின்று பார்த்த ஆங்கிலேயர்கள் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் ஊர் மலைச்சாலையில் என்றேன். கடல்நீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரத்தை மட்டும் ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள். அதன் இதழ் ஒன்று உடைந்தால் எஞ்சின் சூடேறும், அதுவும் துறைமுக வாயிலில்தான் சூடேறும். ஈரத்தைப் பற்றி மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் துணி காயாமல், சுவரில் பூஞ்சணம் பூத்து அவதிப்பட்ட நமக்கு, குளிர்காலத்தில் படகின் மெத்தைகளை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டு, உள்ளே காற்று நடமாட வழி விட வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

நான் 2003இல் போய் இறங்கியவள். ஊரில் நிலத்தை அடமானம் வைத்து ஏஜென்ட் ஒருவருக்குக் கட்டிய பணம், அங்கே போனதும் பாதிக்கு மேல் தேவையே இல்லாத பணம் என்று தெரிந்தது. காசு போட்டால்தான் ஹீட்டர் எரியும் அறை. செவிலியர் பதிவு கிடைக்கும் வரை மேற்பார்வையில் வேலை. விடுமுறை நாளில் போர்ட்ஸ்மவுத்தின் சவுத்ஸீ கடற்கரையில் போய் நிற்பேன். ராமேஸ்வரம் போனபோது கடலைப் பார்த்ததோடு சரி, அதுவரை எனக்குக் கடல் தெரியாது. வார்டில் இருந்த மூத்த செவிலியர் ஒருவர் ஒருநாள் தன் படகுக்கு அழைத்துப் போனார். துறைமுகம் தாண்டியதும் சுக்கானின் கைப்பிடியை என் கையில் கொடுத்து, எதிரே தெரிந்த தேவாலயக் கோபுரத்தைக் காட்டி, அதை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடக் கீழே இறங்கிவிட்டார். அந்த நாட்டில் என்னை நம்பி ஒருவர் ஒன்றை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பருவம் அவரோடு போய்க் கற்றுக்கொண்ட பிறகே நானும் என் கணவரும் சொந்தமாக வாங்கினோம். பிள்ளைகள் இருவரும் அந்தப் படகில் வளர்ந்தார்கள்.

இதைச் சொன்னால் நம்மவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். "அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் விளையாட்டு, நமக்கெதற்கு?" என்பார்கள். கடலுக்குப் பத்து நிமிட நடையில் இருபது ஆண்டு குடியிருந்தும் காலை நனைக்காதவர்கள் இவர்கள். கடன் வாங்கிப் பெரிய கார், மண்டபம் எடுத்துப் பிறந்தநாள், மற்ற நேரமெல்லாம் வீட்டு விலை. அது அவர்கள் விருப்பம். புதிதாக வருபவர்களையும் பயமுறுத்தி உட்கார வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. செலுத்திப் போனவர்கள் தமிழர்கள். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் படகின் தளத்தில் உட்கார்ந்துதான் எனக்கு அதைச் சொன்னார். கடல் நம்முடையது இல்லை என்று இனி யாரும் என்னிடம் பேச முடியாது.

எனவே, போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பருவம் மற்றவர்கள் படகில் போங்கள். படகுக் கழகங்களில் உடன்வர ஆள் தேடுபவர்கள் எப்போதும் உண்டு. பிரிட்டனின் படகோட்டிகள் சங்கமான ராயல் யாட்டிங் அசோசியேஷனின் ஐந்து நாள் பயிற்சி ஒன்றை முடியுங்கள். பிரிட்டனில் கடலில் சொந்தப் படகு செலுத்த உரிமம் எதுவும் கேட்பதில்லை. புதியவருக்கு அதுதான் ஆபத்து.

குளிரைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன். கொடைக்கானலில் உறைபனி பார்த்தவன், எனக்கென்ன என்று நினைக்காதீர்கள். உடம்பைச் சுற்றியிருக்கும் குளிர் வேறு, உடம்பை முழுக்க அமிழ்த்தும் குளிர் வேறு. ஏப்ரலில் அந்தக் கடல் 10 டிகிரி அளவில் இருக்கும். விழுந்தவுடன் நெஞ்சு தானாக இழுக்கும். வாய்க்குள் தண்ணீர் போவது அந்த முதல் நிமிடத்தில்தான். நீந்தத் தெரிந்தவர்களும் அதில் போயிருக்கிறார்கள். உயிர்மீட்புப் படகுக்காரர்கள் சொல்வது, நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து மூச்சு சீராகும் வரை பொறு என்பதே. உயிர்காப்பு உடை இருந்தால்தான் அது எளிது. பிள்ளைகளுக்குத் தொடைக்கு நடுவே வரும் பட்டையையும் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் உடை மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். படகின் முனையில் உயிர்காப்பு உடை போடாமல் நின்று படம் எடுத்துப் போடும் நம் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

காற்றின் பலத்தை எண்ணால் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 4க்கு மேல் என்றால் பிள்ளைகளோடு கிளம்பாதீர்கள். நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசினால் 4கூட அதிகம். அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். தெற்குக் காற்று பலமாக வீசும் நாளில் நீர் வடியும் நேரத்தில் சிச்செஸ்டர் வாயிலின் மணல்திட்டுப் பக்கம் போகவே போகாதீர்கள். போர்ட்ஸ்மவுத் துறைமுக வாயிலில் சிறு படகுகளுக்கு மேற்கு ஓரத்தில் தனி வழி உண்டு. எஞ்சினைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். படகில் சமைக்க வேண்டாம். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடிப்பள்ளத்தில் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டி எடுத்துப் போங்கள், தேநீர் பிளாஸ்கில் போதும். குமட்டினால் இஞ்சி மரப்பா. பிள்ளையைக் கீழே படுக்க வைக்காமல் சுக்கானைக் கொடுத்துத் தொலைவைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் எதிரே இருக்கும் வைட் தீவின் ஆஸ்போர்ன் விரிகுடாவரை போய் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் போதும். மனைவிக்கு அன்று பிடிக்கவில்லை என்றால் அடுத்த நாள் கிடையாது, நினைவிருக்கட்டும்.

பிப்ரவரி கடைசியில் திரும்பிவிடுவேன். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள். அந்தப் படகு யார்டில்தான் நிற்கும் என்றால் நானும் என் கணவரும் வந்து வால்வுகளைச் சுரண்டிப் பார்க்கிறோம். பிள்ளைகள் இருவரின் எடையையும் எழுதி அனுப்புங்கள். உயிர்காப்பு உடையை வயதை வைத்து வாங்கக் கூடாது, எடையை வைத்துத்தான் வாங்க வேண்டும்; படகு யாருடையதானாலும் அது உங்கள் சொந்தமாக இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா