பான்ரம் முதல் எம்டி 90 வரை: பழைய மோட்டார் சைக்கிள் கேள்வி பதில்

வன்னி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் தெரிந்தெடுத்தவை.

கேள்வி: மாமா ஓடிய பிஎஸ்ஏ பான்ரம் டி7 என்ற பழைய ஆங்கில மோட்டார் சைக்கிள் ஒன்று கொட்டிலில் நெடுங்காலமாகக் கிடக்கிறது. ஓய்வுபெற்றுவிட்டேன், நேரம் இருக்கிறது. அதைப் பழைய காலத்து ட்ரயல்ஸ் சைக்கிள் மாதிரித் திருத்தி எடுக்கலாமா? எதில் தொடங்குவது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மல்லாவி)

பதில்: பதிவுப் புத்தகத்தில் தொடங்குங்கள் ஐயா. சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப் போகின்றனவா என்று பார்த்த பிறகுதான் ஒரு சதமாவது செலவழிக்க வேண்டும். நம்பர் உள்ள இடத்துக் கறலைக் கிரைண்டரால் உரசக் கூடாது. மண்ணெண்ணெய் தோய்த்த துணியும் கைப் பிறஷும் போதும். நம்பர் அழிந்த சைக்கிளுக்கு எந்த அலுவலகத்திலும் பதில் சொல்லி மாளாது.

ட்ரயல்ஸுக்குப் பான்ரம் நல்ல தெரிவு. ட்ரயல்ஸ் வேகப் போட்டி அல்ல. கல், குற்றி, சேறு உள்ள ஒரு பகுதியைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை என்றாலும் 3, கடக்க முடியாமல் நின்றால் 5. குறைந்த புள்ளி எடுத்தவர் வெல்வார். 1965 இல் ட்ரயல்ஸ் வீரர் சாமி மில்லர் புல்ராக்கோ என்ற இலேசான டூ ஸ்ரோக்கில் (பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடும் எஞ்சின்) ஸ்கொட்லாந்தின் ஆறு நாள் ட்ரயலை வென்றபின், கனமான ஃபோர் ஸ்ரோக்குகளின் காலம் முடிந்தது. உங்கள் டி7 175 சிசி டூ ஸ்ரோக், எடை 100 கிலோவுக்குக் கிட்டத்தான். அறுபது தாண்டியவர் தனியே நிமிர்த்தக்கூடிய எடை. ஆனாலும் குனிந்து வேலை செய்ய வேண்டாம். முழங்காலுக்குச் சற்று மேலே வரும் பலகை மேடை ஒன்றை முதலில் அடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்பனர். பான்ரத்தின் நட்டுகள் விற்வேத் என்ற பழைய ஆங்கில அளவு. அதில் ஸ்பனரின் எண் போல்ற்றின் தடிப்பைக் குறிக்கும், ஸ்பனர் வாயை அல்ல. கால் அங்குல விற்வேத் ஸ்பனரின் வாய் ஏறத்தாழ 13.3 மி.மீ. அந்த நட்டில் உங்கள் 13 ஏறாது, 14 ஆடும். ஆடுகிற ஸ்பனரைப் போட்டு இழுத்தால் நட்டு உருண்டையாகிவிடும், பிறகு கட்டர்தான். 3/16, 1/4, 5/16 ஆகிய மூன்று விற்வேத் ஸ்பனர்கள் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். புரியும் வேறு. மெற்றிக் போல்ற் இரண்டு சுற்றுப் போய் இறுகினால் "பிடிச்சிட்டுது" என்று நம்பி முறுக்காதீர்கள், அலுமினியப் புரி உரிந்துவிடும்.

கேள்வி: அதே மாதிரிச் சைக்கிள்தான். கிக்கர் கீழே இறங்கவே இல்லை. பிஸ்டன் இறுகிவிட்டது என்கிறார்கள். அடித்து எடுக்கலாமா?
(வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: கிக்கரில் ஏறி நின்று மிதிக்க வேண்டாம். டூ ஸ்ரோக்கில் றிங் சிலிண்டர்ச் சுவரில் உள்ள துளைகளைக் கடந்து போகிறது. கறலில் ஒட்டிய றிங்கைப் பலவந்தமாக இழுத்தால் அது துளை விளிம்பில் கொழுவி முறியும், சிலிண்டரும் கீறுப்படும். பிளக்கைக் கழற்றி, டீசலும் டூ ரி ஒயிலும் (டூ ஸ்ரோக்குக்கான ஒயில்) சம அளவில் கலந்து அரைக் கோப்பை ஊற்றி ஒரு கிழமை விடுங்கள். இடையில் ஒரு தடவை இன்னும் கொஞ்சம். பிறகு ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் வெளிப்புறத்தில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி, பிஸ்டன் தலையில் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். பிஸ்டன் அடியில் நின்றால் தட்டிப் பயனில்லை. அப்போது சிலிண்டரைத்தான் மேலே அசைத்து எடுக்க வேண்டும்.

வெளியே எடுத்ததும் றிங்கை மட்டும் சிலிண்டருக்குள் நேராக வைத்து வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளவிடுங்கள். 0.25 இலிருந்து 0.35 மி.மீ. வரை நல்லது. 1 மி.மீ. அளவுக்கு விரிந்திருந்தால் புது றிங் மட்டும் போட்டுச் சமாளிக்க முடியாது, போர் அடித்து (சிலிண்டரை உள்ளே கடைந்து பெருப்பித்து) பெரிய பிஸ்டன் போட வேண்டியிருக்கும். பிஸ்டனை முதலில் கையில் எடுங்கள், அதன் அளவுக்குத்தான் லேத்காரர் போர் அடிக்க வேண்டும். முதலே போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்ரிங் றொட்டைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சிறிது ஆடினால் பயமில்லை.

கேள்வி: எஞ்சின் பிடித்துவிட்டது. ஆனால் வெள்ளைப் புகை மண்டுகிறது, கியர் ஒயிலும் குறைகிறது. இன்னொரு பான்ரத்தில் புகையே இல்லை, தானாக றேஸ் ஆகிறது. இரண்டுக்கும் காபரேற்றரைத் திருத்தியும் சரிவரவில்லை.
(வாசகர், மாங்குளம்)

பதில்: இரண்டுமே கிராங்க் ஒயில் சீல். டூ ஸ்ரோக்கில் கிராங்க் அறைதான் பம்ப். அது காற்று இறுக்கமாக இருந்தால்தான் பெற்றோல் கலவையைச் சரியாக இழுத்துத் தள்ளும். பல வருடம் ஓடாமல் கிடந்தால் சீலின் றப்பர் காய்ந்து விறைத்துவிடும். கிளச் பக்கச் சீல் போனால் கியர் ஒயிலை உறிஞ்சி எரிக்கும், உங்கள் முதல் சைக்கிளின் புகை அதுதான். மக்னெற்றுப் பக்கச் சீல் போனால் வெளிக்காற்றை இழுக்கும், கலவை மெலிந்து எஞ்சின் றேஸ் ஆகும். இரண்டாவதுதான் ஆபத்து. மெலிந்த கலவை சூட்டைக் கூட்டி, மேட்டில் ஏறும்போது பிஸ்டனை இறுக்கிவிடும். அந்தச் சைக்கிளை இன்றே நிறுத்துங்கள். சீலுக்காகக் கேஸைப் பிரிக்க நேர்ந்தால் மெயின் பெயரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். அதே வேலையை இரண்டு தடவை செய்வானேன்?

கேஸ் திறந்திருக்கும்போது கிளச்சையும் பாருங்கள். தட்டுகளில் உள்ள தக்கைக் கட்டைகள் காய்ந்து உதிர்ந்திருக்கும். கிளச்சைப் பிடிக்கும் பெரிய சேர்க்கிளிப்பை எடுக்க ஸ்பிறிங்கை அமுக்கும் கருவி தேவை. ஸ்குறூடிரைவரால் நெம்பினால் அது பறந்து கண்ணில் அடிக்கும்.

பொயின்ற் (பிளக்கில் பொறி வரத் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி 0.30 மி.மீ. டைமிங், அதாவது பொறி வரும் நேரம், டி7 இல் பிஸ்டன் உச்சிக்கு 1/16 அங்குலம், அதாவது 1.6 மி.மீ. முன்னால் பொயின்ற் திறக்க வேண்டும். பிளக் துளைக்குள் கம்பி விட்டு அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: துளை சரிவாக இருந்தால் கம்பி காட்டும் அளவு பிழைக்கும். ஹெட்டைக் கழற்றி வேணியரால் நேராக அளவிடுங்கள். முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் நகரும்.

பெற்றோல் 92 போதும். இன்றைய டூ ரி ஒயில் என்றால் லீற்றருக்கு 40 மி.லீ., புதுப் பிஸ்டன் பழகும் வரை 50 மி.லீ. நிறுத்தும்போது குழாயைப் பூட்டி, காபரேற்றரில் உள்ளதை ஓடித் தீர விடுங்கள். இல்லாவிட்டால் பெற்றோல் ஆவியாகி ஒயில் மட்டும் ஜெற்றில் தங்கிவிடும்.

கேள்வி: பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டா எம்டி 90 ஒன்று வாங்கியிருக்கிறேன். உள்ளே என்ன பழுதாகியிருக்கும்?
(வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: கொஞ்சப் பெற்றோலில் பிடிக்க வைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய சைக்கிள்கள் வன்னியில் எத்தனையோ. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் குறைவு, ஆகவே எஞ்சின் தட்டும். பிஸ்டன் தலையில் அரித்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எம்டி 90 ஃபோர் ஸ்ரோக், ஒயில் எஞ்சினுக்குள் தனியே நிற்கும். முழுதாக எரியாமல் மிஞ்சியது சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்ப்படுத்தியிருக்கும். அதனால் கேம் முனைகளும் றொக்கர்களும் தேய்ந்திருக்கலாம். விரல் நகத்தால் தடவிப் பார்த்தாலே குழி தெரியும். வால்வில் கரி படிந்திருந்தால் கழற்றி அரைத்துப் பதியுங்கள். வால்வுக்கும் றொக்கருக்கும் இடையிலான ரப்பெற் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.05 மி.மீ. முதல் ஒயிலை ஐம்பது கிலோமீற்றருக்குள் மாற்றிவிடுங்கள், அது கழுவி எடுக்கத்தான்.

கேள்வி: பெற்றோல் ராங்கியின் உட்பக்கம் முழுக்கக் கறல். பற்றரி அசிட் ஊற்றச் சொல்கிறார்கள்.
(வாசகி, விசுவமடு)

பதில்: ஊற்றாதீர்கள். கறலோடு தகட்டையும் தின்றுவிடும். சித்திரிக் அமிலத் தூள் லீற்றருக்கு 50 கிராம் போதும். 9 லீற்றர் ராங்கிக்கு 450 கிராம். சூடான தண்ணீரில் கரைத்து வாய் வரை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். தடித்த கறல் என்றால் ஒரு பிடி பழைய நட்டுகளைப் போட்டு முதலே குலுக்கி எடுங்கள், எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும். பிறகு சலவைச் சோடாக் கரைசலால் கழுவி, தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் காயவிட்டு, ஒயில் கலந்த பெற்றோலை உள்ளே சுழற்றி ஊற்றுங்கள். மாரி தொடங்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஈரக் காற்றில் ஒரு மணித்தியாலத்திலேயே செம்மஞ்சள் படலம் திரும்ப வரும்.

கேள்வி: ட்ரயல்ஸுக்கு ரயர், செயின் எல்லாம் மாற்ற வேண்டுமா? எங்கே ஓடிப் பழகலாம்?
(வாசகர், துணுக்காய்)

பதில்: ட்ரயல்ஸ் ரயரின் வழக்கமான அளவு முன்னுக்கு 2.75-21, பின்னுக்கு 4.00-18. பழைய சட்டத்தில் 4.00 செயினில் உரசாமல் சுழல இடம் உண்டா என்று வாங்கு முன் அளந்து பாருங்கள். மண்ணில் காற்று 5 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவார்கள். அந்தக் காற்றோடு தார் வீதிக்கு வரக் கூடாது. ரயர் ரிம்மில் நழுவி ரியூப் வால்வைப் பிடுங்காமலிருக்க ரிம் பூட்டுப் போட வேண்டும். பின் பல்லுச்சில்லில் கால் பங்கு பல் கூட்டினால், உதாரணமாக 46 ஐ 58 ஆக்கினால், முதற் கியரில் நடை வேகத்துக்கு இறங்கும். பான்ரம் டி7 இல் இருப்பது மூன்று கியர்ப் பெட்டியாதலால் வீதியில் வேகம் போய்விடும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். எஞ்சினுக்குக் கீழே 4 மி.மீ. அலுமினியத் தகடு போடுங்கள், கல்லில் கேஸ் வெடித்தால் பான்ரத்தின் கதை முடிந்தது. கிறவல் தூசு ஓடும் ஊர் இது. காற்று வடிகட்டி இல்லாத காபரேற்றரோடு ஒரு நாளும் ஓட வேண்டாம்.

குளக்கட்டில் ஏறாதீர்கள். ரயர் கீறிய தடத்தில் மழைத்தண்ணீர் பிடித்துக் கட்டை அரிக்கும். பற்றைக் காணியும் வேண்டாம், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் கிட்டவும் போகாதீர்கள். சொந்த வளவில் இரண்டு பனங்குற்றியைப் பாதி புதைத்து, நாலு பாறாங்கல் வைத்தால் பழகப் போதும்.

கேள்வி: பழைய பிறேக் சூவை ஊதித் துடைத்துத் திரும்பப் போடலாமா?
(வாசகர், முழங்காவில்)

பதில்: ஊதவே வேண்டாம். அக்காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். சூவுக்குப் புது லைனிங் ஒட்டுவியுங்கள்.